மலையை மறைத்த அறை

செந்தில்,

மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ "சொல்லுங்கப்பா" என்றதுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. வகுப்புக்குப் போகும் முன் செய்வதைப் போலச் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். சிரிக்காதே, எனக்கு வேறு வழி தெரியாது.

1. நீ போனில் கேட்ட உதவியை நான் ஏன் செய்யப்போவதில்லை.
2. நம் வீட்டில் அன்பு உன் அம்மாவிடம் இருந்தது, அறிவு என்னிடம் இருந்தது. இதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது புரியும்.
3. பின்பக்கத்துப் புத்தக அறையை நான் கட்டியதற்கான உண்மையான காரணம்.
4. சனிக்கிழமை பௌர்ணமிக்கு வந்திருக்கும் கவிதாவிடம், நீயும் இங்கே வரும்போது என்ன பேச வேண்டும்.

மூன்றாவதை எழுதத்தான் மூன்று நாளும் ஆயிற்று. மற்ற மூன்றையும் அதற்குத் துணையாகச் சேர்த்துக்கொண்டேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது முதலில் என் கண் மருந்தைப் பற்றிக் கேட்டாய். பிறகு மெதுவாக உன் மனைவியைப் பற்றி ஆரம்பித்தாய். பௌர்ணமி எந்தக் கிழமையில் வந்தாலும் கவிதா லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்துவிடுகிறாள், மாமியாரோடு வெறுங்காலில் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறாள், திரும்பி வந்து இரண்டு நாள் பேச்சே இல்லாமல் இருக்கிறாள் என்றாய். அவளுடைய முழங்கால், பஸ்ஸில் கூட்டம், தீர்ந்துபோகும் லீவு, இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று உன் நண்பர்கள் கேட்பது என்று நாலு காரணங்களை அடுக்கினாய். என் பழக்கப்படி எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். நாலும் நியாயமானவைதான். "நீங்க பிலாசபி வாத்தியாருப்பா. ஆராயாம எதையும் நம்பக்கூடாதுன்னு நீங்க சொன்னா கேப்பா" என்றாய். போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாய்: "பக்கத்துலதான்பா உக்காந்திருக்கா. ஆனா இங்க இல்ல." அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அது எனக்கு மறக்காது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானே என்னிடம் சொல்லிக்கொண்ட வாக்கியம் அது, ஒரு சொல்கூட மாறாமல்.

நீ கேட்டபடி பேச என்னிடம் சரக்கு இல்லாமல் இல்லை. அன்பும் அறிவும் என்ற தலைப்பில் ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று வேலையில் சேர்ந்த வருடமே அட்டைகளில் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். அந்த அட்டைகள் இப்போது ஏழு செருப்புப் பெட்டிகளில் இருக்கின்றன, புத்தகம் இல்லை. ஒரு கட்சி சொல்கிறது: அறிந்ததைத்தான் நேசிக்க முடியும், அறியாததை நேசிப்பவன் தன் கற்பனையைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறான். மறுகட்சி சொல்கிறது: நேசிப்பவனுக்குத்தான் எதுவும் தன்னைத் திறந்து காட்டும், நேசிக்காதவனுக்குத் தெரிவதெல்லாம் மேல் தோல். இந்த ஊரில் இந்தச் சண்டையைப் புத்தகத்தில் தேட வேண்டியதே இல்லை. கோயிலுக்குள் போனால் அழுதுகொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம், செங்கம் ரோட்டு ஆசிரமங்கள் பக்கம் போனால் நான் யார் என்று கேட்டபடி கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். வகுப்பில் நான், இரண்டும் ஒரே உடம்பின் இரண்டு கால்கள் என்று சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளைகளும் அதையே பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததே இல்லை. ஒருமுறை கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து படித்த ஒரு பெண் எழுந்து, "சார், அம்மா யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா பாசம் வெச்சோம்? பாசம் வெச்சதுக்கப்பறம்தானே அவங்க யாருன்னே தெரிஞ்சுது?" என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றேன். அடுத்த வகுப்பில் வேறு பாடம் எடுத்தேன். பத்தொன்பது வயதில் அவளுக்கு அந்தக் கேள்வி வந்துவிட்டதே, எனக்கு வரவில்லையே என்று பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொறாமை எனக்குப் புதிதல்ல. பலவிதமாக இருந்திருக்கிறது. இனி சொல்லப்போவதுதான் அதில் பெரியது.

நம் வீட்டுச் சமையலறையின் பின்கதவைத் திறந்தால் முன்பெல்லாம் மலை தெரியும். நீ அதைப் பார்த்திருக்கிறாய், நினைவிருக்காது, அப்போது உனக்கு ஆறு வயது. முழு மலையும் தெரியும், அடிவாரத்து மரங்கள் மட்டும் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். கல்யாணமாகி உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் எழுந்து அந்தக் கதவைத் திறந்தாள். நான் தூணருகே நின்றுகொண்டிருந்தேன். புதுப்பெண் கைகூப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கைகூப்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து விசாரிப்பதைப் போல, "என்ன, தலையெல்லாம் மேகமா இருக்குது?" என்றாள். என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்துத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது.

அன்றிலிருந்து அது தினமும் நடந்தது. எழுந்ததும் கதவு, கதவைத் திறந்ததும் மலை, அதற்கப்புறம்தான் பால், அதற்கும் அப்புறம் நான். மழை நாளில் மலை மறைந்துவிட்டால் "காணோமே, எங்க போயிட்ட" என்பாள். வெயில் காலத்தில் "கொதிக்குதா" என்பாள். அவள் மந்திரமோ பாட்டோ சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கெல்லாம் என் அட்டையில் இடம் உண்டு. அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் குரலில் அவள் என்னைக் கேட்டதில்லை. என்னிடம் மரியாதையாகப் பேசுவாள், சாப்பிட்டீங்களா என்பாள், படித்தவர் என்று தன் பிறந்த வீட்டில் பெருமையாகச் சொல்வாள். மலையிடம்தான் சலித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்வாள், சிரிப்பாள். உனக்கு ஐந்து வயதில் ஒரு வாரம் காய்ச்சல் விடாமல் அடித்தது. ஒருநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் அவள் குரல் கேட்டது: "புள்ளைக்கு உடம்புல தடிப்பு தடிப்பா வந்திருக்குது, எனக்குப் பயமா இருக்குது." வாயில் நுரையோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பிள்ளைக்கு உடம்பில் தடிப்பு வந்த செய்தி எனக்கு இரண்டாவதாகத்தான் தெரிந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதுகூட, உன் காய்ச்சலைவிட அது என்னை அதிகமாகச் சுட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

ஒரு மனிதன்மேல் பொறாமை என்றால் அவனை ஏசலாம், அவனைவிட நல்ல சட்டை போட்டுக்கொள்ளலாம். மலையை என்ன செய்வது? முறையாக அணுகலாம் என்று முடிவு செய்தேன். அறிந்துகொண்டால் பொறாமை போய்விடும் என்பது அப்போது என் கொள்கை. ஒரு பௌர்ணமி நாள் விடியற்காலையில் நானும் கிரிவலம் வருகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்தது, அதை மறைக்கமாட்டேன். கையில் குறிப்பேட்டோடு கிளம்பினேன். வழியில் ஒவ்வொரு லிங்கத்தின் அருகிலும் நின்று, இது எந்தத் திசை, எந்தத் தேவன், ஏன் இந்த வரிசை என்று விளக்கினேன். அவளுக்கு எட்டு லிங்கங்களின் வரிசைகூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. வாயுவையும் வருணனையும் மாற்றிச் சொன்னாள். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். "ஓ, அப்படீங்களா" என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், எனக்குக் கால் வலித்தபோது என் வேகத்துக்கு நடந்தாள், தண்ணீர் கொடுத்தாள். வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது. அவள் காலைக் கழுவிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள்: "நாளைக்கு மறுபடியும் ஒரு நடை போயிட்டு வரணுங்க. வாத்தியாரைக் கூட்டிக்கிட்டுப் போனதுல இன்னிக்கு அவரைப் பாக்கவே முடியல." விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதற்கப்புறம் அவளோடு போகவில்லை.

இனி மூன்றாவது. அடுத்த வருடம் பின்பக்கத்தில் ஓர் அறை கட்டினேன். புத்தகங்கள் பெருகிவிட்டன, கூடத்தில் இடமில்லை, பையனுக்குப் படிக்கும் வயது வந்துவிட்டது என்றேன். எல்லாம் உண்மை. மேஸ்திரி நல்ல மனிதர். சமையலறைக் கதவுக்குப் பத்தடி தூரத்தில் நான் கயிறு கட்டச் சொன்னதும் தயங்கினார். "சார், இங்க எழுப்பினா மலை மறைஞ்சிடும். வடக்கால தள்ளிப் போட்டுக்கலாமே, இடம் இருக்குதே. அம்மா காலையில உக்காந்து பாக்கறாங்க" என்றார். வடக்கு மூலையில் ஈரம் ஜாஸ்தி, புத்தகத்துக்கு ஆகாது என்று நான் சொன்னேன். அங்கே ஈரம் இல்லை. மேல்தளத்தில் தண்ணீர்த் தொட்டியையும் வைக்கச் சொன்னேன். மலையைப் பார்த்த மேற்குச் சுவரில் ஜன்னல் எவ்வளவு பெரிசு வேண்டும் என்று கேட்டார். ஜன்னலே வேண்டாம், முழுக்க அலமாரி என்றேன். உன் அம்மா வேலையாட்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எழும்பிக்கொண்டிருந்த சுவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுவரை இடித்திருப்பேன் என்று இத்தனை வருடமாக என்னையே சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். இடித்திருப்பேனா, தெரியவில்லை.

அறை முடிந்த சில வாரங்களில் பால்காரரை நிறுத்திவிட்டாள். தெருமுனைக் கடையில் பாக்கெட் பால் நன்றாக இருக்கிறது என்று தானே காலையில் போய் வாங்கிவர ஆரம்பித்தாள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து அவளுக்குக் காலில் சுளுக்கு, நான் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அம்மா வரலையா சார்? பத்து நிமிஷம் அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னு பேசிட்டுத்தான் பாக்கெட்டே கேப்பாங்க" என்றார். கம்பத்தருகே போய் நின்றேன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மலை அடியிலிருந்து உச்சிவரை தெரிந்தது. என் வீட்டில் தெரிந்ததைவிட நன்றாகவே தெரிந்தது. முன்பு என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள், என்னால் இப்போது வெளியே போய்ப் பேசுகிறாள். முன்பாவது என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்டது. பால் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், நல்ல பால்தானே என்றாள், ஆமாம் என்றேன். அந்த அறையில் உட்கார்ந்துதான் மேற்கொண்டு இருபத்தைந்து வருடம் அன்பையும் அறிவையும் பற்றி அட்டை எழுதினேன். புத்தகம் ஏன் வரவில்லை என்று நீ ஒருமுறை கேட்டாய். இதுதான் காரணம் என்று சொல்ல ஆசை. சோம்பலும் உண்டு.

இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் ஆபீஸ் என்று நீ கிளம்பிவிட்டாய், கவிதா இருந்தாள். மாட்டுப் பொங்கலன்று மாலை மூவரும் திருவூடல் பார்க்கத் தெருவுக்குப் போனோம். உனக்குத் தெரிந்ததுதான். அம்மனை வணங்கமாட்டேன், சுவாமியை மட்டுமே வணங்குவேன் என்று பிடிவாதம் பிடித்த முனிவருக்கு சுவாமி தரிசனம் கொடுத்துவிட, அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சுவாமி தனியாக நிற்பார். மறுநாள் மலையைச் சுற்றிவிட்டு வந்துதான் சமாதானம். மேளம் முழங்க, ஊரே நின்று பார்க்க, ஒரு குடும்பச் சண்டை. கவிதா என்னிடம் இதற்கு என்ன அர்த்தம் மாமா என்று கேட்டாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுவாமி என்பது தூய அறிவு, அம்மன் என்பது அருள், அருளை விட்டுவிட்டு அறிவை மட்டும் தேடுகிறவன் எப்படி, என்று ஆரம்பித்தேன். உன் அம்மா பூச்சரத்தைக் கிள்ளிக் கவிதாவின் தலையில் வைத்துக்கொண்டே குறுக்கிட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. பொறாமை."

"அம்மனுக்கேவா அத்த?" என்றாள் கவிதா.

"கட்டிக்கிட்டவங்களுக்கு வராம தெருவுல போறவங்களுக்கா வரும்?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் முன்னால் போய்விட்டார்கள், நான் பின்னால் நின்றேன். அன்று எனக்கு இரண்டு பேர்மேல் பொறாமை. ஒன்று கவிதா, முப்பத்தெட்டு வருடமாக எனக்குக் கிடைக்காத அந்தக் குரல் அவளுக்கு இரண்டே வருடத்தில் கிடைத்துவிட்டது. மற்றது அம்மன். அவளால் கோபித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கதவைச் சாத்த முடிகிறது, மறுநாள் திறக்கவும் முடிகிறது. நான் கதவைச் சாத்தவில்லை. ஓர் அறையே கட்டினேன். ஈரம் என்று பொய் சொன்னேன்.

ஆகவேதான் உன் மனைவியிடம் நான் பேசமாட்டேன். ஆராயாமல் நம்பாதே என்று நான் அவளிடம் சொல்வது இன்னொரு சுவருக்குக் கயிறு கட்டுவது. உன் நாலு காரணங்களும் செங்கல்தான். என் மகன் என்பதால் நன்றாக அடுக்கியிருக்கிறாய்.

இதுவரை நேற்று எழுதியது. நாலாவதை எழுதும் முன், இன்று காலை கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, "நாலு நாளா அப்படி என்னதான் எழுதறீங்க, பரீட்சையா?" என்றாள். உன்னிடம் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. எதிரில் உட்கார்ந்து, மூன்றாவது பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். மேஸ்திரி வந்த இடத்தை மட்டும் வேகமாகப் படித்தேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படித்து முடித்ததும் "தெரியும்" என்றாள்.

எப்படி என்றேன்.

"மேற்குப் பக்கம் ஜன்னலே வேணாம்னீங்களே. படிக்கிற ரூமுக்கு வெளிச்சம் வேணாங்கறவரு, வேற எதுக்கோ சுவர் கட்டறாருன்னு அர்த்தம்."

மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது என்பது தர்க்கத்தில் முதல் பாடம். முப்பது வருடம் கரும்பலகையில் அதை எழுதியிருக்கிறேன். அவள் அதை டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் நேரத்தில் செய்திருக்கிறாள். ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா இல்லம்பீங்க. அப்பறம் அந்தப் பொய்யையும் வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் குடித்தனம் பண்ணணும். எதுக்கு?"

கோபமே வரவில்லையா என்று கேட்டேன். வந்தது என்றாள், இரண்டு வருடம் இருந்தது என்றாள். "ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு அடிக்கடி சொல்வீங்களே, அப்பதான்." பிறகு காம்புகளை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்தாள். சமையலறை வாசலில் திரும்பி நின்று, மலைமேல பொறாமைப்படறவரைக் கட்டிக்கிட்டது இந்த ஊர்லயே நான் ஒருத்திதான் என்று மலையிடமே சொல்லியிருப்பதாகவும், அதற்கு இத்தனை வருடமாகப் பதில் வரவில்லை என்றும் சொன்னாள். அந்தக் குரலில்தான் சொன்னாள், செந்தில். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது பகுதிக்கு இரண்டு பக்கம் குறிப்பு வைத்திருந்தேன். அதில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. சனிக்கிழமை வா. கவிதாவிடம் முழங்காலைப் பற்றிப் பேசாதே, பஸ்ஸைப் பற்றிப் பேசாதே. போனில் என்னிடம் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை அவளிடம் சொல். உனக்குக் குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அவளுக்கு அது புதிய செய்தியாக இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதே. அவள் மாமியாரோடுதான் அத்தனை கிலோமீட்டரும் நடக்கிறாள். வழியெல்லாம் இருவரும் சாமியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேலே எண் போட்டு எழுதியதில் இரண்டாவது தவறு. அன்பு அவளிடமும் அறிவு என்னிடமும் இருந்ததாக எழுதியிருக்கிறேன். பங்கு பிரித்தவன் நான், அதனால் எனக்கும் ஒன்று வைத்துக்கொண்டேன். அவள் என்னை முழுக்க அறிந்துதான் இத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறாள். நான் அவளை அறியவில்லை. எனக்கு அவள்மேல் அன்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சுவர்தான். அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் தவறாக எழுதியது உனக்குத் தெரியட்டும்.

அப்பா